தூராத துறை



திருகோணமலை நகரின் அயலிலே கப்பல்துறை என்னும் பெயருடைய சிற்றூர் ஒன்று இருக்கின்றது. இயற்கைத் துறைமுகம் ஒன்றின் பக்கத்தே வாழும் மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர்ப்பெயர் வேறு கிடைத்திராது. ஆனால் அப்பெயரைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்போமாயின், அதற்குள்ளே ஒரு வினா மறைந்திருக்கக் காணலாம். ஒரு துறையிலே கப்பல் வந்து நிற்கவேண்டுமாயின் அங்கே ஆழம் இருத்தல் வேண்டும். ஆழத்தை மனிதன் வெட்டவில்லை. அப்படியானால் அதனை வெட்டியது யார்? வெட்டிய பின்னர் அது தூர்ந்துபோகாமற் காத்து வருவது யார்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

தூர்ந்துபோதல் என்று நான் சொன்னது வெறும் கற்பனையன்று. தமிழ்நாட்டிலே பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிய கொற்கையை எல்லோரும் அறிவோம். கிரேக்க மாலுமிகள் அறிந்த துறை அது. இன்று கொற்கைக்குச் செல்பவர் கடலைக் காணமாட்டார். வயலையும் வாழைத் தோட்டத்தையும் காண்பார். கடல் அங்கிருந்து ஏறக்குறைய ஆறேழு கிலோமீற்றர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபருணி ஆறு ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டிய வண்டலே கொற்கையைக் கடலிலிருந்து பிரித்துவிட்டது. கொற்கை தூர்ந்தபின் வணிகர் காயலுக்குப் போயினர். மார்க்கோ போலோ வந்து வியந்த துறை அக்காயலே. காயலும் தூர்ந்தது, வாணிகம் தூத்துக்குடிக்குச் சென்றது. இந்த உண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே திருநெல்வேலியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் நிலத்தைப் பார்த்தே உணர்ந்து எழுதினார். சோழரின் காவிரிப்பூம்பட்டினத்திற்கோ வேறொரு விதி நேர்ந்தது. அங்கே கடல் பின்வாங்கவில்லை. கரையை அரித்துக்கொண்டு முன்னேறியது. 1980களிலும் 1990களிலும் இந்தியத் தேசியக் கடலியல் நிறுவனத்தார் அங்கே கடலோரத்திலும் ஆழங்குறைந்த நீரிலும் செங்கற் கட்டடங்களையும் உறைகிணறுகளையும் கண்டறிந்தனர்.

ஆக, ஒரு துறை மண்ணால் மூடப்பட்டு அழியலாம். கடலால் அரிக்கப்பட்டும் அழியலாம். இந்த இரண்டு அழிவுக்கும் தப்பி நிற்கும் துறைகள் உலகிலே சிலவே. அவற்றுள் ஒன்று திருகோணமலை. வியப்பு என்னவெனில், இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மாவலி கங்கை, 335 கிலோமீற்றர் தூரம் ஓடி, மலைநாட்டு மண்ணையெல்லாம் சுமந்துகொண்டு, இந்தத் துறைமுகத்தின் வாசலாகிய கொட்டியாரக் குடாவிலேதான் வந்து விழுகின்றது. தாமிரபருணி கொற்கையைத் தூர்த்ததென்றால், அதைவிட மிக நீளமான மாவலி திருகோணமலையைத் தூர்க்காது விட்டது ஏன்?

விடை காண்பதற்கு முதலில் கல்லிடம் போகவேண்டும். கோணேசர் எழுந்தருளியிருக்கும் சுவாமிமலை கடலிலிருந்து ஏறக்குறைய 350 அடி செங்குத்தாக எழுந்து நிற்கின்றது. அதன் உச்சியில் நின்று கீழே நோக்குவோர்க்குத் தலை சுற்றும். அக்கல்லின் வயதை எண்ணினாலோ இன்னும் அதிகமாகத் தலை சுற்றும். இலங்கையின் பத்திலொன்பது பங்கு நிலம் மிகப் பழைய பளிங்குருப் பாறைகளால் ஆனது. மத்திய மலைநாட்டிலிருந்து வடகிழக்கே நீண்டு திருகோணமலையிலே கடலைத் தொடுகின்ற பாறைத் தொகுதி அவற்றுள் ஒன்று. இத்தொகுதியின் மூலப்பொருள்கள் ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மணலாகவும் சேறாகவும் சுண்ணாம்பாகவும் ஏதோ ஒரு பழங்கடலின் அடியிலே படிந்தவை. பின்னர், இன்றைக்கு 60 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், அவை பூமியின் ஆழத்திலே இருபது முப்பது கிலோமீற்றர் கீழே அமிழ்த்தப்பட்டு, 800 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலே வெந்து, நெருக்குண்டு, மடிந்து, உருமாறின. மணல் வெந்து படிகக்கல்லாயிற்று. சேறு வெந்து மாணிக்கக் கற்கள் விளையும் பாறையாயிற்று. சுண்ணாம்பு வெந்து சலவைக்கல்லாயிற்று. திருகோணமலைப் பக்கத்திலே வெண்மையாக ஒளிரும் படிகப் பாறை முகடுகளைக் காண்கின்றவர்கள், அவை ஒரு காலத்திலே நிலாவெளிக் கரையின் மணலைப் போன்ற மணலாகவே இருந்தன என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இந்தப் பாறைகளிடையே காணப்படும் கருநிறக் கல் ஒன்றுக்குச் சார்னக்கைற்று என்று பெயர். இதன் பெயர் வரலாறு சுவையானது. கல்கத்தா நகரத்தை நிறுவினவரெனச் சொல்லப்படும் யோப் சார்னக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறையின் மேலே ஒரு கருங்கல் கிடக்கின்றது. இந்தியப் புவிச்சரிதவியல் அளவை நிலையத்தைச் சேர்ந்த தோமஸ் ஹொலண்டு அக்கல்லை ஆராய்ந்து, அது சென்னையை அடுத்த பரங்கிமலைப் பக்கத்துக் கல்லென்று கண்டு, கல்லறைக்குரியவரின் பெயரையே 1893ஆம் ஆண்டிலே அக்கல்லுக்கு இட்டார். பரங்கிமலையிலும் இலங்கை மலைநாட்டிலும் திருகோணமலைப் பக்கத்திலும் ஒரே இனத்துக் கல் கிடைக்கின்றது. கடல் குறுக்கே கிடந்தாலும் கல் உறவு விட்டுப்போகவில்லை.

அந்த உறவு இந்தியாவோடு நின்றுவிடுவதுமன்று. மடகசுக்காரிலும், பனி மூடிய அந்தாட்டிக்காவின் கிழக்குக் கரையிலும் இவற்றுக்கு ஒப்பான பாறைகள் உள்ளன. இவையெல்லாம் ஒருகாலத்தில் ஒட்டிக்கிடந்த பெருநிலத்தைக் கொண்டுவானா என்று அழைப்பர். மத்திய இந்தியாவிலே கோண்டு மக்கள் வாழும் நாட்டின் பெயரே இப்படி உலகப் பெயராயிற்று. கண்டங்கள் நகர்கின்றன என்று ஜேர்மன் அறிஞர் அல்பிரட் வேகனர் 1912ஆம் ஆண்டிலே சொன்னபோது அறிஞருலகம் நகைத்தது. அவர் 1930ஆம் ஆண்டிலே கிறீன்லாந்தின் பனிவெளியிலே உயிர் நீத்தார். 1960களிலே கடலடித் தளத்தின் சான்றுகள் கிடைத்தபின்னரே அவர் கருத்தின் உண்மை உலகுக்கு விளங்கியது. ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியாவும் இலங்கையும் அந்தாட்டிக்காவிலிருந்து பிரிந்து வடக்கே செல்லத் தொடங்கின. இன்று கோணேசர் மலையிலே நின்று கிழக்கே பார்க்கும்பொழுது நாம் காண்பது எல்லையற்ற வங்கக்கடல். அன்று அதே இடத்திலே நின்று பார்த்திருந்தால் தொடர்ந்து செல்லும் நிலத்தைக் கண்டிருப்போம். நமது கீழைக் கரை, பிரிந்துபோன நிலத்தின் ஒடிந்த விளிம்பேயாகும்.

இலங்கையின் கற்களை முறையாக ஆராயும் பணி தொடங்கியபோது அதற்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழ்க் குடும்பத்து மைந்தர் என்பதை நம்மவரிற் பலர் அறியார். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாகிய ஆனந்த குமாரசுவாமியைக் கலைமேதையாகவே நாம் போற்றுகின்றோம். அவர் முதலிலே பயின்ற துறை புவிச்சரிதவியல். 1903ஆம் ஆண்டு தொடக்கம் 1906ஆம் ஆண்டு வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் முதல் இயக்குநராக அவர் பணியாற்றினார். அவரும் பிரயர் என்னும் ஆங்கில அறிஞரும் 1903ஆம் ஆண்டிலே விவரித்து வெளியிட்ட புதிய கனிப்பொருள் ஒன்றுக்குச் செரண்டிபைற்று என்று பெயரிட்டனர். இலங்கையின் பழைய அராபியப் பெயரை அக்கல் இன்றும் தாங்கி நிற்கின்றது. கல்லைத் தேடி நாட்டுப்புறமெல்லாம் நடந்த அவருடைய கண், அங்கங்கே கைவினைஞரின் தொழிலையும் அதன் நலிவையும் கண்டது. கல்லாய்வாளர் கலையாய்வாளர் ஆனமைக்கு அந்த நடைப்பயணங்களும் காரணமாகும்.

அவருக்குப் பின் கனேடிய அறிஞர் அடம்ஸ் 1929ஆம் ஆண்டிலே இலங்கையின் நிலவமைப்பைப் பற்றி எழுதுகையில், நாடு மூன்று படிகளாக அமைந்திருப்பதை எடுத்துக்காட்டினார். கரையோரச் சமவெளி ஒரு படி. அதற்கு மேலே ஆயிரத்தைந்நூறு அடி அளவில் ஒரு படி. நுவரெலியா, ஓட்டன் சமவெளி ஆகியவை அமைந்த ஆறாயிரம் அடிப் படி மூன்றாவது. 1938 முதல் 1944 வரை இங்கே பணியாற்றிய இந்திய அறிஞர் வாடியா, நிலம் துண்டு துண்டாக மேலே தூக்கப்பட்டமையே இதற்குக் காரணம் என்றார். பிற்கால ஆய்வாளர் இக்கருத்தைப் பலவாறு திருத்தியுள்ளனர். நமக்கு இங்கே வேண்டுவது ஒன்றே: நிலம் எழுந்தது; எழுந்த நிலத்தை மழையும் ஆறும் தேய்த்தன; தேய்ந்த மண் கீழே வந்தது. நிலம் உயர்வதும், உயர்ந்தது தேய்வதும், தேய்ந்தது வேறிடத்திற் படிவதுமாகிய இம்மூன்று தொழில்களாலேயே பூமியின் முகம் வரையப்படுகின்றது.

தேய்தல் என்பது எப்படி நிகழ்கின்றது? சுவாமிமலையிலே இராவணன் வெட்டு என்று ஒரு பிளவு உண்டு. தன் தாய்க்காக மலையைப் பெயர்க்க முயன்ற இராவணன் வாளால் வெட்டிய இடம் அது என்பது நம் முன்னோர் கூற்று. புவிச்சரிதவியலார் அதனைப் பாறையின் மூட்டு என்பர். ஆழத்திலே நெருக்குண்டு கிடந்த பாறை, மேலேயிருந்த சுமை நீங்கியதும் நெகிழ்ந்து வெடிக்கும். அவ்வெடிப்பிலே மழைநீர் புகும், மரவேர் புகும், அலை வந்து மோதும்போது உள்ளே அடைபட்ட காற்று உளிபோலப் பாறையைப் பிளக்கும். இராவணனுக்குப் பத்துத் தலை என்பர். இந்த வெட்டை வெட்டிய கைகளோ எண்ணிலடங்கா. அன்றியும் மழைநீரிலே கரைந்துள்ள கரியமிலவாயு பாறையின் சில பாகங்களைக் களிமண்ணாக மாற்றிவிடுகின்றது. கரையாத படிகத் துகள்கள் மாத்திரம் மணலாக எஞ்சுகின்றன. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் நாம் மிதித்து நடக்கும் வெண்மணல் மலையின் எலும்பு என்றே சொல்லவேண்டும்.

அந்த எலும்பிலும் வகைகள் உண்டு. திருகோணமலைக்கு வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேலே சென்றாற் புல்மோட்டை வரும். அங்கே மணல் கருநிறம். இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் ஆகிய பாரமான கனிகள் அம்மணலிலே செறிந்துள்ளன. அலை வந்து அள்ளுகையிற் பாரமில்லாத வெண்மணல் இழுபட்டுப் போகும்; பாரமான கருமணல் பின்தங்கும். சுளகினாற் பதரைப் புடைத்து நெல்லைப் பிரிக்கும் பெண்ணின் தொழிலைக் கடல் அங்கே செய்கின்றது. வாடைக்காற்றுக் காலத்துப் பேரலைகள் ஆண்டுதோறும் புதிய கருமணலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இச்செல்வத்தை எடுப்பதற்காக 1957ஆம் ஆண்டிலே இலங்கைக் கனிப்பொருள் மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது.

இனித் துறைமுகத்தை வெட்டிய கைக்கு வருவோம். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் உலகின் வடபாகம் பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது. கடல்நீரின் பெரும்பங்கு நிலத்தின் மேலே பனியாக உறைந்து கிடந்தமையாற் கடல்மட்டம் இன்றையிலும் ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை பல இடங்களிலே பத்துப் பன்னிரண்டு மீற்றருக்கு மேற்படாத ஆழமுடையது. ஆகவே அன்று இலங்கையும் தமிழகமும் ஒரே நிலம். திருகோணமலையிலே இன்று கப்பல்கள் நங்கூரமிடும் இடம் அன்று காடடர்ந்த பள்ளத்தாக்கு. மென்மையான பாறைகளை நீரோடைகள் அரித்துப் பள்ளமாக்கின. கடினமான பாறைகள் முகடுகளாக எஞ்சி நின்றன. பின்னர் பனி உருகிற்று. கடல் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக ஏறி அப்பள்ளத்தாக்குகளுக்குள்ளே புகுந்தது. முகடுகள் முனைகளாகவும் தீவுகளாகவும் ஆயின, பள்ளங்கள் குடாக்களாயின. உள்துறைமுகத்தின் கரை இத்தனை வளைவும் நெளிவுமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. அது கடல் கடைந்த கரையன்று. ஆறு செதுக்கிய நிலத்தைக் கடல் வந்து குடியேறிய இடம்.

வெட்டியவரைக் கண்டுவிட்டோம்; காப்பவரைக் காணவேண்டும். கொட்டியாரக் குடாவின் அடித்தளம் மற்றைக் குடாக்களைப் போலச் சிறிது சிறிதாகச் சரிந்து செல்வதன்று. கரைக்கு மிக அருகிலேயே ஒரு பெரும்பள்ளத்தாக்கின் தலை அங்கே தொடங்குகின்றது. அங்கிருந்து அது கடலடியிலே வளைந்து வளைந்து ஆழ்ந்து, மூவாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கிச் செல்கின்றது. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றரே. அம்மலையைப் பெயர்த்து இப்பள்ளத்தின் ஆழ்ந்த பாகத்திலே நிறுத்தினாலும் அதன் உச்சி நீருக்கு மேலே தெரியாது. பாறை பிளந்த கோட்டிலே இப்பள்ளம் அமைந்ததென்பர் சிலர். கடல் தாழ்ந்திருந்த காலத்து ஆறு அதனை வெட்டத் தொடங்கியதென்பர் சிலர். எப்படித் தொடங்கியிருப்பினும், அதனை ஆழப்படுத்துகின்ற கருவி மாவலி கொண்டுவரும் மண்ணேயாகும்.

இது விநோதமாகத் தோன்றலாம். மண் பள்ளத்தை நிரப்புமா, ஆழப்படுத்துமா? 1929ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வட அத்திலாந்திக்குக் கடலிலே, நியூபவுண்டிலாந்துக்குத் தெற்கே, நிலநடுக்கம் ஒன்று உண்டாயிற்று. அங்கே கடலடியிற் கிடந்த பன்னிரண்டு தந்திக் கம்பிகள் அறுந்தன. அவற்றிற் பல, நடுக்கத்தின் பின்னர் மணிக்கணக்கிலே, மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தமையே புதிராயிருந்தது. 1952ஆம் ஆண்டிலே ஹீசன், யூயிங் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் அதற்கு விளக்கம் தந்தனர். சரிவிலே படிந்திருந்த சேறு நடுக்கத்தினாற் குலைந்து, நீரோடு கலந்து, பாரமான பெருவெள்ளமாகக் கடலுக்கடியிலேயே பாய்ந்து சென்றது என்பதே அது. சேற்று வெள்ளம் செல்லுந்தோறும் வழியைத் தேய்த்துக்கொண்டே செல்லும். மாவலியின் மண்ணும் கொட்டியாரக் குடாவிலே ஒரு பகுதி தங்கி மூதூர், கிண்ணியாப் பக்கத்து வயல்களுக்கு உரமாகின்றது. பெரும்பகுதியோ பள்ளத்தின் வழியே இறங்கி வங்கக்கடலின் ஆழத்துக்குப் போய்விடுகின்றது. கொற்கைக்கு இந்த வடிகால் வாய்க்கவில்லை, திருகோணமலைக்கு வாய்த்தது. அதுவே தூராமைக்குரிய காரணம். கரையருகே ஆழம் இருப்பதனாலேதான் நீலத் திமிங்கிலங்களும் திருகோணமலைக் கரையோரம் வரை வந்து உலவுகின்றன.

ஆழமும் காப்பும் அமைந்த துறை என்றால் அரசர் சும்மா இருப்பார்களா? 1660ஆம் ஆண்டிலே புயலாற் பாய்மரம் ஒடிந்த ஆங்கிலக் கப்பலொன்று மரந்தேடிக் கொட்டியாரத்துக்கு வந்தது. அதிலிருந்த இளைஞன் உரோபட் நொக்ஸ் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்துத் தப்பிச் சென்று, இலங்கையைப் பற்றி எழுதிய நூல் 1681இல் வெளிவந்தது. 1624ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலின் கற்களைக்கொண்டு கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே இத்துறை ஒல்லாந்தர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கும், ஆங்கிலேயர் கையிலிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறிற்று. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1957ஆம் ஆண்டு ஒக்டோபரிலே ஆங்கிலேயர் தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். இத்தனை கொடிகளும் ஏறி இறங்கியதற்குக் காரணம், கடல் மூடிய அந்தப் பழைய பள்ளத்தாக்கேயன்றி வேறன்று.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். சுவாமிமலையின் அடியிலே கடலுக்குள் தூண்களும் செதுக்கிய கற்களும் கிடக்கின்றன. 1956ஆம் ஆண்டிலே ஆதர் கிளாக்கும் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்து அவற்றைக் கண்டனர். கடலுக்கடியிற் கோவிற் கல் என்றதும், கடல்கோள் வந்து கொண்டுபோயிற்று என்று எண்ணுவது நமக்கு இயல்பு. ஆனால் அக்கற்களைக் கடல் கொள்ளவில்லை. கோவிலை இடித்தவர்களே மலையுச்சியிலிருந்து தள்ளினர். இடித்த கல்லிற் சில கோட்டைச் சுவரிலும் உள்ளன. கோட்டை வாயிலிலே இணைக்கயற் சின்னம் பொறித்த கல்லை இன்றும் காணலாம். மனிதன் செய்த அழிவை இயற்கையின் தலையிலே ஏற்றுவது வரலாற்றுக்கும் நீதியன்று, இயற்கைக்கும் நீதியன்று.

கன்னியா வெந்நீர் ஊற்றுக்களைப் பற்றியும் இப்படியே ஒரு மயக்கம் உண்டு. ஏழு கிணறுகளிலே வெதுவெதுப்பான நீர் ஊறுகின்றது. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கினான் என்பது ஐதிகம். இன்றும் நம்மவர் அங்கே சென்று அந்தியேட்டிக் கடன் செய்கின்றனர். வெந்நீர் என்றதும் கீழே எரிமலை உண்டோ என்று அஞ்சுவோரும் உளர். அஞ்சவேண்டா. பூமியினுள்ளே ஒரு கிலோமீற்றர் இறங்க வெப்பம் இருபத்தைந்து முப்பது பாகை ஏறும். மழைநீர் பாறை வெடிப்புக்களின் வழியே ஆழ இறங்கிச் சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியே விரைந்து மேலே வந்துவிடுகின்றது. மகாஓயா முதலிய இடங்களிலுள்ள வெந்நீர் ஊற்றுக்களும் இருவேறு பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையையொட்டி வரிசையாக அமைந்துள்ளன. கன்னியாவிலே நாம் தலையில் வார்ப்பது என்றோ பெய்த மழையையே.

இலங்கையிலே எரிமலை இல்லை; பெரிய நிலநடுக்கமும் அரிது. ஆயினும் நாம் பாதுகாப்பாக இருக்கின்றோம் என்று எண்ணியிருந்த எண்ணத்தை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி கடல் உடைத்தெறிந்தது. ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால், சுமாத்திராவின் கரையோரத்திலே, பூமித்தட்டு ஒன்றின் கீழே மற்றொன்று புகும் இடம் சட்டென்று வழுக்கிற்று. ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்குக் கடலடி அசைந்தது. அங்கே எழுந்த அலை ஆழ்கடலிலே விமானத்தின் வேகத்தோடு ஓடி, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திலே நம் கீழைக் கரையை அடைந்தது. ஆழங்குறைந்த இடத்துக்கு வந்ததும் வேகம் குறைந்து உயரம் பெருகிற்று. நிலாவெளியும் கிண்ணியாவும் மூதூரும் அடிபட்டன. இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த இரண்டு மணி நேரத்திலே சொல்லவேண்டிய செய்தியைச் சொல்லுவார் இருக்கவில்லை. கடல் உள்வாங்கினால் ஓடவேண்டும் என்று இன்று பலரும் அறிவர். ஆனால் எப்போதும் கடல் முதலில் உள்வாங்குவதில்லை. அன்று நம் கிழக்குக் கரைக்கு முதலில் வந்தது நீரின் ஏற்றமே. இந்தச் சிறு வேறுபாட்டை அறிந்திருப்பது ஓருயிரைக் காக்கக்கூடும்.

கடைசியாக ஒன்று சொல்லவேண்டும். ஆற்றையும் அலையையும் பனியையும் போல மனிதனும் இன்று பூமியின் முகத்தை மாற்றும் சக்தியாகிவிட்டான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டபோது, பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த மேல்மண் மழையோடு இறங்கி மாவலியிலே கலந்தது. அந்தத் தோட்டங்களைக் கட்டி வளர்த்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த நம் தொழிலாள மக்கள். அவர்கள் உழைத்த சரிவே அவர்களுக்குப் பகையாவதும் உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயன் வீடுகளை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. நிலத்தைப் படித்தவர் சொன்ன சொல், நிலத்தில் வாழ்பவருக்கு வேறு வீடாக மாறவில்லை. அறிவு இருந்தும் பயன் சேராத துயரம் அது.

மண்ணரிப்பைத் தடுப்பதற்கென 1951ஆம் ஆண்டிலே மண்காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் மாவலித் திட்டத்தின்படி 1976இலே பொல்கொல்லையிலும், 1985இலே கொத்மலையிலும் விக்டோரியாவிலும், 1986இலே ரந்தெனிகலையிலும் அணைகள் எழுந்தன. இவை வயலுக்கு நீரும் வீட்டுக்கு விளக்கும் தந்தன. அவையே ஆற்று மண்ணையும் தேக்கி வைத்துக்கொள்கின்றன. அணையிலே தங்கும் மணல் கரைக்கு வாராது. ஆற்றுப் படுகையிலே லொறி லொறியாக அள்ளப்படும் மணலும் கரைக்கு வாராது. வருவாய் குறைந்த வீட்டிலே செலவு குறையாதிருந்தால் கையிருப்புக் கரைவதுபோல, மணல்வரவு குறைந்த கரையை அலை கரைக்கும். இதன்மேலே, உலகம் சூடேறிக் கடல்மட்டமும் உயர்ந்துவருகின்றது. கொற்கையைப் போலத் துறை தூர்ந்துவிடுமோ என்ற அச்சம் திருகோணமலைக்கு இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தைப் போலக் கரை கரைந்துவிடுமோ என்ற கவலையே அயலூர்களுக்கு உண்டு.

கப்பல்துறை என்னும் பெயரிலே தொடங்கினோம். மணல் கல்லாகி, கல் மலையாகி, மலை மறுபடி மணலாகும் நெடுங்கதையிலே மனிதனின் துறைமுகம் ஒரு நொடிப்பொழுது மாத்திரமே. அந்த நொடிக்குள்ளேதான் நம் பிறப்பும் வாழ்வும் வழிபாடும் வாணிகமும் அடங்கியிருக்கின்றன. கல்லின் காலத்தை மாற்ற நம்மால் ஆகாது. சரிவிலே குடியிருப்பவனுக்கு முன்கூட்டிச் சொல்வதும், சொன்னதோடு நில்லாமல் அவனுக்கு நல்ல நிலம் கொடுப்பதும், ஆற்றின் மணலை அளவறிந்து எடுப்பதும் நம்மால் ஆகும். அடுத்தமுறை கோணேசர் மலைக்குச் செல்லும்போது, சுவாமியைத் தரிசித்தபின் ஒரு நிமிடம் அந்தக் கல்லின்மேலே கையை வைத்துப் பாருங்கள். அதுவும் ஒருகாலத்தில் யாரும் மிதித்திராத கடற்கரை மணல்.